ஸ்காலர்ஷிப் தராத சின்னக் கல்லூரியில் பையன்கள் ஏன் ஃபுட்பால் ஆடுகிறார்கள்? மகனை அனுப்பலாமா?

ஓஹியோவில் இருக்கும் ஒரு தமிழ் அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு ஹைஸ்கூலில் இது கடைசி வருடம். ஒரு சின்னக் கல்லூரியின் ஃபுட்பால் கோச் அவனைத் தன் அணிக்கு அழைத்திருக்கிறார். விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூடக் கிடையாது. டிவியில் வராது. என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்குப் போகிற அளவு ஆட்டக்காரன் இல்லை என்று அவனே சொல்கிறான். பிறகு எதற்காக இந்தப் பிள்ளைகள் உடம்பை வருத்திக்கொண்டு மோதுகிறார்கள், கல்லூரி அவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறது, பாதுகாப்புக்கு விதிகள் உண்டா? இவ்வளவையும் கேட்டுவிட்டு, "வேண்டாம் என்று சொன்னால் அவன் என்னை மன்னிப்பானா தெரியவில்லை" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார். அம்மா, எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. மகனின் ஆசையை நம்பலாமா, அவனை ஒப்படைக்கப்போகிற ஆட்களை நம்பலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மதுரையில் பிசியோதெரபி படித்துவிட்டு அமெரிக்கா வந்து, ஆத்லெட்டிக் டிரெய்னிங்கில் முதுகலை முடித்தவன். ஆத்லெட்டிக் டிரெய்னர் என்றால் ஜிம்மில் எடை தூக்கச் சொல்லிக்கொடுப்பவர் என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்று, அடிபட்டவனிடம் முதலில் ஓடிப்போகிற ஆள்தான் ஆத்லெட்டிக் டிரெய்னர். பதினான்கு வருடமாக இதே வேலை. இந்த நாட்டின் மத்திய மேற்குப் பகுதியில் இரண்டு சின்னக் கல்லூரிகளில் இருந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மூளை நிபுணரும் இல்லை. என் அனுபவம் இரண்டு கல்லூரிகளோடு நிற்கிறது. ஆனால் நீங்கள் கேட்கிற பையன்களோடுதான் தினமும் இருக்கிறேன்.

மற்றவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும், ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, 1973-இல் தன் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. டிவியில் லட்சம் பேர் கூடும் ஸ்டேடியத்தோடு வருவது முதல் டிவிஷன். மூன்றாவதில் விளையாட்டுக்காகப் பண உதவி தரவே கூடாது. கல்லூரிகளின் எண்ணிக்கையில் இதுதான் மிகப் பெரிய டிவிஷன். ஃபுட்பால் அணி வைத்திருப்பவை மட்டும் ஏறக்குறைய 240. பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும் தனியார் கல்லூரிகள். உங்கள் மகனை அழைத்திருப்பதும் இப்படி ஒன்றுதான் என்று நீங்கள் சொன்ன விவரத்திலிருந்து தெரிகிறது.

என்எஃப்எல் கனவில் பையன்கள் ஏமாந்துபோகிறார்கள் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். அந்தக் கணக்கு அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வருடா வருடம் 250-க்கும் மேற்பட்டவர்களை எடுக்கிறார்கள். அதில் டிவிஷன் த்ரீ பையன் ஒருவன் இருந்தாலே அது செய்தி. ஹோபார்ட் கல்லூரியிலிருந்து 2015-இல் அலி மார்பெட் இரண்டாம் சுற்றில், 61-ஆவது ஆளாகப் போனதை இன்றும் எங்கள் பையன்கள் பேசுவார்கள். பேசுவார்கள், அவ்வளவுதான். மறுநாள் கெமிஸ்ட்ரி லேப் இருப்பது அவர்களுக்கு நினைவிருக்கும். கோச் ஆகும் கனவு வேண்டுமானால் கொஞ்சம் நிஜமானது. 2025 பிப்ரவரியில் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற பிலடெல்பியா ஈகிள்ஸின் தலைமை கோச் நிக் சிரியானி உங்கள் மாநிலத்து மவுண்ட் யூனியனில் ஆடியவர். என்எஃப்எல்லில் பேர்வாங்கிய கோச் பில் பெலிச்சிக் ஆடியது கனெக்டிகட்டில் இருக்கும் வெஸ்லியனில். இரண்டுமே டிவிஷன் த்ரீ.

சரி, அப்புறம் எதற்காக ஆடுகிறார்கள்? கணுக்காலுக்கு டேப் சுற்றிவிடும்போது நான் கேட்ட பதில்களைச் சொல்கிறேன். ஒருவன், "ஏழு வயதிலிருந்து ஆடுகிறேன். விட்டுவிட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது" என்றான். இன்னொருவனின் அப்பா இதே கல்லூரியில் இதே இடத்தில் ஆடியவர். சனிக்கிழமை நான்கு மணி நேரம் காரோட்டி வருவார். மூன்றாமவன் அவன் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். முதல் நாளே நூறு பேர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் அவனுக்கு ஃபுட்பால் அணி மட்டும்தான். அதிகம் பேர் சொல்வது எளிமையான ஒன்று: "என் ரூம்மேட் ஆடுகிறான், என் நண்பர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்." சனிக்கிழமை ஆட்டத்தில் களத்தில் இறங்க வாய்ப்பே கிடைக்காத பையன்கள் ஒவ்வொரு அணியிலும் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். அவர்களும் காலை ஆறு மணிக்கு எடை தூக்க வருகிறார்கள். கிராமத்துச் சாலையில் பஸ்ஸேறிப் போய் ஜூனியர் அணி ஆட்டத்தில் முப்பது பார்வையாளர்களுக்கு முன்னால் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

கூட்டமே இல்லாத ஆட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. இண்டியானாவில் வாபாஷும் டிபாவும் 1890 முதல் மோதுகின்றன. ஜெயித்தவர்கள் ஒரு பழைய ரயில் எஞ்சின் மணியை எடுத்துக்கொண்டு போவார்கள். மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸும் செயின்ட் தாமஸும் 2017-இல் ஆடியபோது வந்தவர்கள் 37,355 பேர். ஆனால் இவை அபூர்வம். சாதாரண சனிக்கிழமையில் எங்கள் மைதானத்துக்கு வருவது பெற்றோர், காதலிகள், ஊர்ப் பெரியவர்கள் சிலர், பக்கத்து வீட்டு நாய் ஒன்று. நவம்பரில் கடைசி ஆட்டம் முடிந்ததும் நான்காம் வருடத்துப் பையன்கள் உடனே உள்ளே போக மாட்டார்கள். ஷோல்டர் பேடைக் கழற்றினால் வாழ்க்கையில் மறுபடி போடப்போவதில்லை என்று தெரியும். விளக்கை அணைக்க ஆள் வந்து நிற்பார். அவர்கள் குளிர்ந்த புல்லில் உட்கார்ந்தே இருப்பார்கள். முன்வரிசையில் நின்று மோதும், நூறு கிலோவுக்கு மேலிருக்கும் லைன்மேன் அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுவதை வருடந்தோறும் பார்க்கிறேன். இந்த ஆசை பொய்யில்லை. உங்கள் மகனுடையதையும் நம்பலாம்.

கல்லூரிக்கும் ஒரு ஆசை இருக்கிறது. அதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சின்னத் தனியார் கல்லூரிக்கு ஃபுட்பால் அணி என்பது கட்டணம் கட்டும் நூறு நூற்றிருபது மாணவர்கள். ஆண் பிள்ளைகளின் சேர்க்கை குறைந்துவரும் காலத்தில் இது பெரிய எண்ணிக்கை. ஆர்கன்சாவில் ஹெண்ட்ரிக்ஸ் கல்லூரி அரை நூற்றாண்டுக்கு மேல் அணியில்லாமல் இருந்துவிட்டு 2013-இல் மறுபடி தொடங்கியது. நேர்மாறாக, படிப்புக்குப் பேர்போன ஸ்வார்த்மோர், சேர்க்கையில் இத்தனை இடம் ஃபுட்பாலுக்குப் போவது சரியில்லை என்று 2000-இல் அணியையே கலைத்தது. ஆகவே கோச் உங்கள் வீட்டுக்கு வந்து இனிமையாகப் பேசும்போது, அவர் மாணவர் சேர்க்கைக்கும் உழைக்கிறார் என்பதை மனதில் வையுங்கள். அதில் தவறொன்றும் இல்லை. உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. டிவிஷன் த்ரீயில் கிடைக்கும் பண உதவி படிப்புக்கோ குடும்ப வருமானத்துக்கோ தரப்படுவது. ஆடுவதை நிபந்தனையாக வைக்கக் கூடாது. இரண்டாம் வருடத்தில் உங்கள் மகன் போதும் என்று ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் அதற்காக அந்த உதவியைக் குறைக்க முடியாது. முதல் டிவிஷன் பையனுக்கு இல்லாத சுதந்திரம் இது. வேண்டாம் என்று தோன்றும் நாளில் அவனால் வெளியே வர முடியும்.

எதிர்பார்ப்பைப் பொறுத்தவரை, "சும்மா விளையாட்டுதானே" என்று நினைத்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே திணறிப்போகிறார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில், மற்ற மாணவர்கள் வருவதற்கு முன்பே முகாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பத்து ஆட்டங்கள். காலையில் எடை, பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சி, சாப்பிட்டபின் வீடியோ பார்த்தல். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தர வேண்டும் என்பது விதி. வகுப்பும் பயிற்சியும் மோதினால் வகுப்புக்குப் போகச் சொல்வதுதான் நான் பார்த்த இரண்டு இடங்களிலும் வழக்கம். எல்லா இடத்திலும் அப்படியா என்பதை அங்கே படிக்கிற ஒரு இன்ஜினியரிங் அல்லது நர்சிங் மாணவனைத் தனியாகக் கேட்டுப்பாருங்கள். கோச் முன்னால் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். இந்தப் பையன்களை ஆட வைக்கும் அதே அன்புதான் அடிபட்டதை மறைக்கவும் வைக்கிறது. காசுக்கு ஆடுபவன் தன் உடம்பைக் கணக்குப் பார்ப்பான். நண்பனுக்காக ஆடுபவன் பார்க்க மாட்டான். சில வருடங்களுக்கு முன் நடந்தது. தடுப்பாட்டம் ஆடும் எங்கள் லைன்பேக்கர் ஒருவன், ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்றாவதில், ஒரு டாக்கிளுக்குப் பிறகு (பந்தோடு ஓடுபவனைப் பிடித்துக் கீழே தள்ளுவதுதான் டாக்கிள்) எழுந்து, சாதாரணமாகத்தான் நடந்தான். ஆனால் அடுத்த மோதலுக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்திலிருந்தவன் அவன் இடுப்பைப் பிடித்து இரண்டடி நகர்த்தி நிறுத்துவதைப் பார்த்தேன். மூன்று வருடமாக அவன் நிற்கிற இடம் அது. வெளியே கூப்பிட்டேன். எதிரணி யார் என்றால் சொன்னான், ஸ்கோர் சொன்னான், எந்தக் கால்பகுதி என்றால் கொஞ்சம் யோசித்தான். ஐந்து சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னால் இரண்டுதான் வந்தது. "நான் நன்றாக இருக்கிறேன், அவர்கள் என்னை நம்பியிருக்கிறார்கள்" என்று கெஞ்சினான். இம்மாதிரி நேரத்தில் நாங்கள் எல்லாரும் செய்யும் ஒரு வேலை உண்டு: ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொள்வது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் களத்துக்குள் ஓட முடியாது. அன்று ஆட்டம் முடியும்வரை அதை என் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். உள்பஞ்சு வியர்வையில் ஊறி, என் சட்டை முழுக்க நனைந்துபோனது. நாங்கள் தோற்றோம். அவன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அவனை நகர்த்தி நிறுத்திய நண்பனும் பேசவில்லை. அவன் நினைத்துக்கொண்டது, தான் உதவி செய்ததாக.

அதனால்தான் பாதுகாப்பை வீரனின் கையில் விட முடியாது. பேராசைக்காரக் கோச் இல்லாவிட்டாலும்கூட. எழுதிவைத்த விதியும், அதை நடத்தும் அதிகாரமுள்ள ஒரு ஆளும் வேண்டும்.

இந்த விதிகளின் பிறப்பிலேயே ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. 1905-இல் அந்த ஒரே சீசனில் நாடு முழுக்க 18 பேர் ஃபுட்பாலில் இறந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. அக்டோபரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். நவம்பர் 25 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு ஆடிய யூனியன் கல்லூரியின் ஹெரால்டு மூர், தலையில் அடிபட்டு இறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹென்றி மெக்ராக்கன் அதோடு விடவில்லை. மற்ற கல்லூரிகளைக் கூட்டினார். அந்தக் கூட்டங்களிலிருந்து வந்ததுதான் பிற்பாடு என்சிஏஏ என்று பெயர் மாறிய அமைப்பு. 1906-இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்ததும், ஒரே குவியலாக மோதும் ஆட்டம் பரந்து விரிந்தது. இன்று யூனியனும் நியூயார்க் பல்கலைக்கழகமும் டிவிஷன் த்ரீ. யூனியன் இன்னும் ஃபுட்பால் ஆடுகிறது. மற்றது எப்போதோ விட்டுவிட்டது.

விதி மாற்றினால் உயிர் பிழைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி 1976. ஹெல்மெட்டை ஆட்டுக்கடாவைப் போல முன்னால் நீட்டி மோதுவதை அந்த வருடம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தடைசெய்தார்கள். கழுத்தெலும்பு முறிந்து கை கால் முழுக்கச் செயலிழந்தவர்கள் அந்த சீசனில் 34 பேர். 1984-இல் 5 பேர். ஹெல்மெட் நல்லதாக ஆக ஆக, தலையை ஆயுதமாக்கும் துணிச்சல் வந்திருந்தது. அந்தத் துணிச்சலை விதி அடக்கியது. அதன் தொடர்ச்சிதான் இப்போது டிவியில் நீங்கள் பார்க்கும் டார்கெட்டிங்: ஹெல்மெட்டின் உச்சியால் இடித்தாலோ, தற்காத்துக்கொள்ள முடியாமல் இருப்பவனின் தலையிலோ கழுத்திலோ மோதினாலோ, 2013 முதல் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். மூன்று டிவிஷனுக்கும் ஒரே விதிப்புத்தகம்தான்.

தலைக்குள் மூளை குலுங்கும் காயத்தை, அதாவது கன்கஷனை, எப்படிக் கையாள வேண்டும் என்று ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது 2010 முதல் கட்டாயம். அறிகுறி தெரிந்தால் அன்று மறுபடி ஆட முடியாது. டாக்டர் எழுத்தில் அனுமதிக்கும்வரை திரும்ப முடியாது. முதலில் வகுப்புக்குத் திரும்புதல், பிறகு லேசான ஓட்டம், பிறகு மோதலில்லாப் பயிற்சி என்று படிப்படியாகத்தான். இன்னொன்று, எனக்குத் தனிப்பட்ட முறையில் மிக முக்கியமானது: ஒருவன் ஆடலாமா கூடாதா என்று மருத்துவ ஆட்கள் சொல்வதை கோச் மாற்ற முடியாது என்பது இப்போது மூன்று டிவிஷனிலும் எழுதப்பட்ட விதி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது நல்ல பழக்கமாக மட்டும் இருந்தது. ஒரு கோச் என்னைப் பயிற்சி நடுவே எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். விதி வந்தபின் குரல்கள் தணிந்தன.

விதி காகிதத்தில் இருந்தும் மைதானத்தில் இல்லாமல் போகலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. மேரிலாந்தில், அப்போது டிவிஷன் த்ரீயில் இருந்த ஃப்ராஸ்ட்பர்க் ஸ்டேட் என்ற கல்லூரியில், 2011 ஆகஸ்ட் முகாமில் 22 வயது வீரர் ஒருவர் பயிற்சியில் சரிந்து விழுந்து சில நாட்களில் இறந்தார். பல பயிற்சிகளில் நெற்றியில் ரத்தம் வந்தும், தலைவலி என்று சொன்னபின்னும் அவரைத் தொடர வைத்தார்கள் என்று பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2016-இல் 12 லட்சம் டாலருக்குச் சமரசமானது. கன்கஷன் திட்டம் கட்டாயமாகி ஒரு வருடம் ஆன பிறகு நடந்தது அது. எங்கள் துறையில் அதன் பிறகு ஹெல்மெட் சரியாகப் பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால்கூட அன்றே நிறுத்திப் பார்க்கிறோம்.

அது பயிற்சியில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். பெற்றோர் சனிக்கிழமை ஆட்டத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பயப்படுகிறேன். முதல் டிவிஷனின் ஆறு அணிகளை 2015 முதல் 2019 வரை சென்சார் வைத்த ஹெல்மெட்டுகளோடு கண்காணித்த ஆய்வில், கன்கஷன்களில் 72 சதவீதம் பயிற்சியில் நடந்திருந்தது. சீசனில் ஐந்தில் ஒரு பங்கு நாட்களே இருக்கும் ஆகஸ்ட் முகாமில் மட்டும் ஏறக்குறைய பாதி. டிவிஷன் த்ரீயிலும் இதே விகிதம்தான் என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு போதாது. ஆனால் என் பதிவேடும் ஆகஸ்டில்தான் நிரம்புகிறது. இதில் நல்ல செய்தி என்னவென்றால், ஆட்டத்தை மாற்றாமலேயே பயிற்சியை மாற்றலாம். செயின்ட் ஜான்ஸில் ஜான் கலியார்டி பல பத்தாண்டுகளாகப் பயிற்சியில் டாக்கிள் செய்யவே விட்டதில்லை. விசில் கிடையாது, நீண்ட பயிற்சி கிடையாது, யாரையும் அணியிலிருந்து கழிப்பது கிடையாது. தன்னைக் கோச் என்றுகூடக் கூப்பிடவிடாமல் ஜான் என்றே கூப்பிடச் சொன்னார். 2012-இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 489 வெற்றிகள். கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்தக் கோச்சுக்கும் அத்தனை இல்லை. மோதிப் பழகாவிட்டால் மோதத் தெரியாது என்று வாதாடும் கோச்களிடம் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன்.

டார்ட்மவுத் கல்லூரியில் கோச் பட்டி டீவன்ஸ் 2010-இல் பயிற்சியில் வீரர்கள் ஒருவரையொருவர் டாக்கிள் செய்வதை நிறுத்தினார். பிறகு மோதிப் பழகுவதற்கென்று, ஓடும் ரோபோ பொம்மை ஒன்றையே அங்கே மாணவர்கள் செய்துவிட்டார்கள். டார்ட்மவுத் டிவிஷன் த்ரீ இல்லை, ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தராத ஐவி லீகில் இருக்கிறது. 2016-இல் அந்த லீக் முழுவதும் சீசன் நடக்கும்போது பயிற்சியில் டாக்கிளைத் தடைசெய்தது. அதே வருடம் கிக்ஆஃபை, அதாவது ஆட்டத்தைத் தொடங்க எதிரணியை நோக்கிப் பந்தை உதைக்கும் இடத்தை, ஐந்து கஜம் முன்னே நகர்த்தினார்கள், பந்து பெரும்பாலும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும்படி. தாண்டிவிட்டால் யாரும் அதை எடுத்துக்கொண்டு ஓடி மோத வேண்டியதில்லை. ஆயிரம் கிக்ஆஃபுக்கு ஏறக்குறைய 11 என்றிருந்த கன்கஷன் 2 ஆனது. ஐந்து கஜம்தான்.

வெயில் இன்னொரு எமன். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது: உடல் சூடு எல்லை மீறி ஏறும் ஹீட் ஸ்ட்ரோக்கில் சாவது முழுக்கத் தடுக்கக்கூடியது. 2003 முதல் கல்லூரி முகாம்களில் முதல் சில நாட்கள் ஹெல்மெட் மட்டும், பிறகு ஷோல்டர் பேட், பிறகுதான் முழுக் கவசம் என்று உடம்பைப் பழக்குகிறார்கள். ஒருவன் தடுமாறி, குழறிப் பேசி விழுந்தால், பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அவனைக் கழுத்துவரை இறக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் உடல் சூடு இறங்க வேண்டும். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆம்புலன்ஸில் ஏற்றுவது. ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்து நிழலில் விசிறிக்கொண்டிருந்தால் பையன் போய்விடுவான். எங்கள் தொட்டி மைதானத்தின் வாசலிலேயே இருக்கும். ஆகஸ்டில் தினமும் காலை ஏழு மணிக்கு அதை நிரப்புவதுதான் என் முதல் வேலை. இதுவரை இரண்டு முறை பயன்பட்டிருக்கிறது. இரண்டு பேரும் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி சிடிஇ, அதாவது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் பல வருடம் கழித்து வரும் மூளைச் சிதைவு. 2017-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், கல்லூரி மட்டத்தோடு நிறுத்திய 53 பேரின் மூளையில் 48-இல் அது இருந்தது. படித்தவுடன் வயிற்றைப் பிசையும் எண் இது. ஆனால் அவை குடும்பத்தினர் தானமாகக் கொடுத்தவை. உயிரோடிருந்தபோது ஏதோ தொல்லை தெரிந்ததால்தான் பலர் கொடுத்தார்கள். ஆகவே கல்லூரியில் ஆடும் பத்தில் ஒன்பது பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. உயிருள்ளவரிடம் உறுதி செய்யும் பரிசோதனையும் இன்னும் இல்லை. ஓரளவு உறுதியானது, ஆடும் வருடங்கள் கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்பது. பெரிய கன்கஷன்களைவிட, யாரும் கவனிக்காத சின்னச் சின்ன மோதல்களின் மொத்தம்தான் கணக்கில் வருகிறது. உங்கள் மகன் எட்டு வயதில் தொடங்கினானா, பதினைந்திலா என்பதும், லைன்மேனா, பந்தை உதைக்க மட்டும் வரும் கிக்கரா என்பதும் இதில் வித்தியாசம் செய்யும். ஹெல்மெட்டுக்கு மேலே மாட்டும் பஞ்சு உறை பற்றி விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அடியின் வேகத்தைக் குறைக்கலாம், கன்கஷனைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இந்தப் பகுதியில் உங்கள் கேள்விகளை ஒரு நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

பெற்றோர் எல்லாரிடமும் நான் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஐயோவாவில் கிரின்னல் கல்லூரி 2019 சீசனை 39 பேரோடுதான் தொடங்கியது. அக்டோபருக்குள் ஆடும் நிலையில் 28 பேர். ஆள் குறைந்தால் களைத்தவனே திரும்பத் திரும்ப ஆட வேண்டும், களைத்தவன் தலை குனிந்து மோதுவான். அந்தப் பையன்களே கூடிப் பேசி மீதி சீசனை நிறுத்திக்கொள்ள முடிவெடுத்தார்கள், கல்லூரியும் ஏற்றது. நண்பனுக்காக ஆடுகிறவர்கள் நண்பனுக்காக நிறுத்தவும் செய்தார்கள். மகனோடு உட்கார்ந்து இந்தக் கதையைப் பேசுங்கள். "உன் பக்கத்தில் நிற்பவன் இடம் மாறி நின்றால் நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவன் யோசித்துப் பதில் சொன்னால் எனக்குப் பாதி நிம்மதி.

காப்பீட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்சிஏஏவின் பேரிடர்க் காப்பீடு 90,000 டாலர் செலவுக்கு மேல்தான் தொடங்கும். அதற்குக் கீழே பெரும்பாலான சின்னக் கல்லூரிகளில் முதலில் உங்கள் குடும்பக் காப்பீடு, மீதிக்குத்தான் கல்லூரியுடையது. முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தாலே பெரிய பில் வரும். உங்கள் பாலிசி கல்லூரி விளையாட்டை விலக்கியிருக்கிறதா, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று இப்போதே பாருங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து, ஆடி முடித்தபின்னும் இரண்டு வருடம்வரை பழைய காயத்துக்கு உதவும் திட்டம் ஒன்று எல்லா டிவிஷனுக்கும் வந்திருக்கிறது.

அனுப்பலாமா? என் பதில், இடம் பார்த்து அனுப்பலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று கன்கஷன் ஆனவன் என்றால் என் பதில் வேறு. அப்போது வேண்டாம் என்றே சொல்வேன், அவன் கோபித்தாலும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கோச்சின் அறையோடு திரும்பிவிடாதீர்கள். புது லாக்கர் ரூமையும் பளபளக்கும் ஹெல்மெட்டுகளையும் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் ஆத்லெட்டிக் டிரெய்னரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நூற்றிருபது பேருக்கு எத்தனை டிரெய்னர்கள், அவர்கள் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் உண்மையான மோதலோடு பயிற்சி, போன வருடம் கோச் வேண்டும் என்ற ஒருவனை நீங்கள் வேண்டாம் என்று நிறுத்தியது எப்போது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு நல்ல டிரெய்னரிடம் உடனே பதில் இருக்கும். அப்புறம் மைதானத்துக்கு நடந்து போய், ஆகஸ்டில் ஐஸ் தொட்டியை எங்கே வைப்பீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.